பேரரசர் குடியேறாத மாடி

மெக்சிகோவுக்குப் பேரரசராகப் போகச் சம்மதித்து ஓர் ஆஸ்திரிய இளவரசர் கையெழுத்துப் போட்ட மேஜை, இன்று இத்தாலியில் ஒரு கடலோர வீட்டில் இருக்கிறது. மேஜையைப் பரிசாகக் கொடுத்தவர் போப் ஒன்பதாம் பயஸ். கையெழுத்து விழுந்த நாள் 1864 ஏப்ரல் 10. மூன்று வருடமும் இரண்டு மாதமும் கழித்து அந்த இளவரசரை மெக்சிகோவில் ஒரு குன்றின் சரிவில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள்.

திரியெஸ்தே நகரின் மிராமாரே மாளிகையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். வழிகாட்டிகளும் இதைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள். கதையில் குறையொன்றும் இல்லை. இளவரசன், இளவரசி, கிரீடம், துரோகம், பைத்தியம், துப்பாக்கி என்று எல்லாமே இருக்கிறது. ஆனால் வீட்டையும் அதைச் சுற்றியுள்ள தோட்டத்தையும் ஆற அமரப் பார்க்கிறவருக்கு வேறொன்று புலப்படும். இது பேரரசரின் அரண்மனையே அல்ல. கப்பல்மீதும் செடிகொடிமீதும் பித்துப் பிடித்த ஓர் ஆள் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு. பேரரசர் வேடம் பிறகுதான் வந்தது. வந்து மேல் மாடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

திரியெஸ்தேயிலிருந்து எட்டு கிலோமீட்டர். நகரப் பேருந்து பார்கோலா கடற்கரைச் சாலை வழியாகப் போகிறது. கோடையானால் இந்தச் சாலையோரத்துச் சிமெண்டுத் திண்ணையில் ஊரே துண்டு விரித்துப் படுத்திருக்கும். மணல் கிடையாது, கூழாங்கல்கூட அதிகம் கிடையாது. வெறும் சிமெண்டு, அதை ஒட்டியே ஆழமான நீலக் கடல். இதற்காக யாரும் வருத்தப்படுவதாகத் தெரியவில்லை. பேருந்து கொஞ்ச தூரம் போனதுமே எதிரே பாறைமுனையின் நுனியில் மாளிகை தெரிய ஆரம்பித்துவிடும். இஸ்திரியா கல்லில் கட்டியது. வெள்ளை வெளேரென்று, சதுரக் கோபுரமும் கைப்பிடிச் சுவர்ப் பற்களுமாக, கிட்டத்தட்ட நாடக மேடைக்கு வெட்டி நிறுத்திய அட்டைக் கோட்டை போல இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போது அழகுதான். கிட்டே போனால் கோதிக் ஜன்னலும் மறுமலர்ச்சிக் கால அலங்காரமும் இடைக்காலக் கோட்டையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. கட்டடக் கலைஞர் கார்ல் யுங்கர்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. அந்தக் காலத்து ரசனை அது.

அந்த இளவரசர் மாக்சிமிலியன், 1832-இல் பிறந்தவர். ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் தம்பி. அண்ணன் நாட்டை எடுத்துக்கொண்டார், தம்பிக்குக் கடற்படை கிடைத்தது. 22 வயதில் கடற்படையின் தலைமைத் தளபதி. அரச குடும்பத்துப் பிள்ளை என்பதால் கிடைத்த பதவிதான் என்றாலும் அவர் அதை அலங்காரப் பதவியாக வைத்துக்கொள்ளவில்லை. புதுக் கப்பல்கள் கட்டினார், தளத்தைப் போலா துறைமுகத்தில் நிலைப்படுத்தினார். திரியெஸ்தே அன்று ஆஸ்திரியாவின் பெரிய துறைமுகம். ஒருமுறை சிறு படகில் போய்க்கொண்டிருந்தபோது புயலில் சிக்கி, கிரினியானோ என்ற சின்ன வளைகுடாவில் ஒதுங்கினாராம். ஒதுங்கிய இடம் பிடித்துப்போய் அங்கேயே வீடு கட்ட முடிவு செய்தாராம். இந்த ‘ராம்’களுக்கு நான் பொறுப்பல்ல. 1856 மார்ச் 1-ஆம் தேதி அடிக்கல் நாட்டியது மட்டும் உறுதி.

மண்ணை வண்டியேற்றிய கதை

அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் தோட்டத்தின் பெருமை புரியும். திரியெஸ்தேக்குப் பின்னால் கார்ஸ்ட் என்ற சுண்ணாம்புக்கல் பீடபூமி. மழை பெய்தால் தண்ணீர் தரையில் நிற்காது, பாறை இடுக்குகளில் இறங்கிப் பாதாளத்துக்குப் போய்விடும். மேல்மண் பேருக்குத்தான். இது போதாதென்று ‘போரா’ காற்று வேறு. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து பீடபூமியைத் தாண்டிக் கடலை நோக்கிப் பாயும் இந்தக் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரை அனாயாசமாகத் தாண்டும். நகரத்துத் தெருக்களில் ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டி வைத்திருந்த ஊர் இது. மொட்டைப் பாறை, தங்காத தண்ணீர், மரத்தை வேரோடு சாய்க்கும் காற்று. இங்கே 22 ஹெக்டேரில், அதாவது ஏறக்குறைய 54 ஏக்கரில், ஒரு பூங்கா போட வேண்டும் என்று மாக்சிமிலியன் ஆசைப்பட்டார்.

பாறையை உடைத்துத் தளம் தளமாக வெட்டினார்கள். மண் உள்ளூரில் இல்லை என்பதால் ஸ்டைரியாவிலிருந்தும் கரிந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து கொட்டினார்கள். இரண்டுமே ஆல்ப்ஸ் மலையடிவாரப் பிரதேசங்கள். நல்ல வளமான மண். வியன்னாவையும் திரியெஸ்தேயையும் இணைக்கும் ரயில் பாதை 1857-இல் திறந்திருந்தது. மாளிகைக்கு மேலேயே மிராமாரே என்ற பெயரில் ரயில் நிறுத்தமும் வந்தது. ஒரு வீட்டின் தோட்டத்துக்கு மலைநாட்டு மண் வர வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்த மரங்களுக்குக் கீழே நடந்து பாருங்கள், நடையே மாறிவிடும்.

பூங்காவில் இரண்டு குணங்கள். கிழக்குப் பக்கம் ஆங்கிலேய பாணி: வளைந்து போகும் பாதைகள், தற்செயலாக முளைத்தது போல் நடப்பட்ட மரக்கூட்டங்கள், நடுவே சின்னக் குளங்கள். தென்மேற்கில் போரா எட்டாத ஒரு மடிப்பு இருக்கிறது. அங்கே மட்டும் கணக்குப் போட்டு வரைந்த இத்தாலிய பாத்திகள், கத்தரித்த குறுஞ்செடி வேலிகள், கொடிப் பந்தல், பெர்லின் வார்ப்பகம் ஒன்றில் வார்த்த பழங்காலச் சிலைகளின் நகல்கள். எது எங்கே என்பதை முடிவு செய்தது ரசனை மட்டுமல்ல, காற்றும்தான். நளினமான செடிக்கு மறைவான இடம், முரட்டு மரத்துக்குத் திறந்த இடம். எல்லாத் தோட்டக்காரர்களுக்கும் தெரிந்த பாடம்தான். இங்கே அதை 54 ஏக்கரில் பார்க்கலாம்.

மரங்களின் பட்டியல் ஓர் உலக வரைபடம். லெபனான் தேவதாரு, வட ஆப்பிரிக்க அட்லஸ் தேவதாரு, நம் இமயமலைத் தேவதாரு, ஸ்பெயின் நாட்டு ஃபர் மரங்கள், கலிஃபோர்னியாவின் ராட்சத செக்வோயா, மெக்சிகோவின் சைப்ரஸ், கிழக்காசியாவின் கிங்கோ. இவற்றுக்கு நடுவே, யாரும் வரவழைக்காமல் இந்த மண்ணிலேயே வளரும் பசுமை மாறாத ஓக். இமயமலைத் தேவதாருவின் கிளைகள் நுனியில் லேசாகத் தொங்கும். லெபனான் தேவதாருவின் கிளைகள் தட்டுத் தட்டாகக் கிடைமட்டத்தில் விரியும். இரண்டையும் ஒரே பூங்காவில் பார்க்கும்போது இந்த வித்தியாசம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது.

சென்னைக்கு வந்த கப்பல்

இந்தத் தோட்டத்தை எழுப்பிய தலைமைத் தோட்டக்காரர்களில் ஒருவர் அன்டன் யெலினெக், பொஹிமியாக்காரர். மிராமாரேக்கு வருமுன் அவர் பார்த்த வேலை சுவாரசியமானது. மாக்சிமிலியனின் ஆதரவோடு ஆஸ்திரியக் கடற்படை ஓர் உலகப் பயணம் நடத்தியது. ‘நோவாரா’ என்ற பாய்மரப் போர்க்கப்பல் 1857 ஏப்ரல் 30-இல் திரியெஸ்தேயிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 1859 ஆகஸ்ட் 26-இல் அதே திரியெஸ்தேக்குத் திரும்பியது. நில இயல், விலங்கியல், மானுடவியல் அறிஞர்களோடு செடி சேகரிக்க ஒரு தோட்டக்காரரும் கப்பலில் இருந்தார். அவர்தான் யெலினெக்.

1858 தொடக்கத்தில் நோவாரா இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு வந்தது. அங்கிருந்து சென்னை. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெளியே கடலில் நிற்க, பலகைகளைக் கயிறால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். அலையில் நனையாமல் சென்னையில் இறங்கியவர் அபூர்வம். பிறகு கப்பல் நிக்கோபார் தீவுகளுக்குப் போனது. ஆக, மிராமாரே பாத்திகளில் செடி நட்ட கைகள் அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்புதான் நம் கடற்கரையைத் தொட்டுவிட்டுப் போயிருந்தன.

நோவாராவைப் பற்றி இன்னொரு துணுக்கு. அது கொண்டுவந்த கோக்கா இலைகளிலிருந்துதான் ஜெர்மனியின் ஆல்பர்ட் நீமன் கொகெய்னைப் பிரித்தெடுத்தார். ஒரு கப்பல் செய்யும் வேலைகளுக்கு ஓர் அளவே இல்லை போலிருக்கிறது. 1864-இல் இதே நோவாராதான் மாக்சிமிலியனை மெக்சிகோவுக்கு ஏற்றிச் சென்றது. 1866-இல் லிஸ்ஸா கடற்போரில் இத்தாலியோடு சண்டை போட்டது. பிறகு மெக்சிகோவுக்குத் திரும்பவும் போய், அவருடைய சடலத்தை ஏற்றிக்கொண்டு 1868 ஜனவரியில் திரியெஸ்தேக்கு வந்தது. கடைசியில் கப்பலை உடைத்தபோது அதன் மரத்திலிருந்து செய்த சிலுவை ஒன்று பூங்காவுக்குள் இருக்கும் சின்னத் தேவாலயத்தில் இருக்கிறது. சுற்றுலாக் கூட்டங்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

வீட்டுக்குள் வருவோம்.

மாக்சிமிலியனும் மனைவி சார்லோட்டும் 1860 கிறிஸ்துமஸ் சமயத்தில் தரைத்தளத்தில் குடியேறினார்கள். பெல்ஜிய மன்னர் முதலாம் லெயோபோல்டின் மகள் சார்லோட். 1857-இல் கல்யாணம் ஆகும்போது வயது 17. தரைத்தளம் தயாராகும்வரை இருவரும் பூங்காவின் ஓரத்தில் கட்டிய சிறிய வீட்டில், அதாவது காஸ்தெல்லெத்தோவில், இருந்தார்கள்.

தரைத்தளத்தில் நின்று பார்க்க வேண்டியது மாக்சிமிலியனின் படுக்கையறையும் வேலை அறையும். நோவாரா கப்பலின் பின்பக்கத்தில் அதிகாரிகள் கூடும் அறை எப்படி இருந்ததோ அதே மாதிரி இவற்றை அமைக்கச் சொல்லியிருக்கிறார். மரப்பலகை வேய்ந்த சுவர், தலையைக் கிட்டத்தட்டத் தொடும் தாழ்ந்த மரக் கூரை, வெளியே கடல். மற்ற அறைகளின் உயரத்திலிருந்து இதற்குள் நுழைந்ததும் தோள் தானாகக் குறுகுகிறது. பேரரசரின் தம்பி, எவ்வளவு உயரமான கூரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அவர் தேர்ந்தெடுத்தது கப்பல் அறையின் நெருக்கத்தை. வசதி குறைந்த இடத்தில்தான் சிலருக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். பக்கத்தில் நூலகம், ஹோமர், தாந்தே, ஷேக்ஸ்பியர், கதே ஆகிய நால்வரின் மார்பளவுச் சிலைகள், தரையில் பெரிய உலக உருண்டை. இவை எல்லாம் ஒருவர் வாழ்ந்த அறைகள். பார்த்தவுடனே தெரியும்.

படியேறி மேலே போனால் காட்சி தலைகீழாக மாறிவிடுகிறது. ரத்தச் சிவப்புத் துணி போர்த்திய சுவர்கள். துணி முழுக்க மெக்சிகோ பேரரசின் சின்னம். அரியணைக் கூடம். முன்னோர்களின் ஓவியங்கள். பார்வையாளர்களைச் சந்திக்கும் அறை. எல்லாம் பளபளப்பு, எல்லாம் கனம். பிரான்ஸ் ஹோஃப்மன், ஜூலியஸ் ஹோஃப்மன் என்ற இரு அலங்காரக் கலைஞர்களின் கைவண்ணம். இதில் மாக்சிமிலியன் ஒரு ராத்திரிகூடத் தூங்கவில்லை. அவர் கிளம்பும்போது மாடி வேலை முடியவே இல்லை. மெக்சிகோவிலிருந்துகூட இதைச் செய், அதை மாற்று என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வேலை முடிந்தது அவர் இறந்த பிறகு. அரியணை இருக்கிறது, உட்கார ஆளில்லை. எனக்கு இந்த மாடி சலிப்பாகத்தான் இருந்தது. ஓர் அறை விதிவிலக்கு. அதன் கூரையில் திசைகாட்டிப் பூ ஒன்று வரைந்திருக்கிறது, அதன் முள் வெளியே கூரைமேல் இருக்கும் காற்றுக்காட்டியோடு இணைந்தது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டே வெளியே எந்தக் காற்று அடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இத்தனை ஜரிகைக்கு நடுவிலும் கடலோடி எட்டிப் பார்த்துவிட்டான்.

கிரீடத்தின் விலை

மெக்சிகோ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1861-இல் பெனிட்டோ ஹுவாரஸின் அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் மூன்றும் படை அனுப்பின. மற்ற இரண்டும் விலகிக்கொள்ள, பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் மட்டும் அந்த நாட்டையே விழுங்கப் பார்த்தார். அதற்கு ஒரு பொம்மை மன்னர் வேண்டும். மெக்சிகோவின் பழமைவாதிகளுக்கும் ஐரோப்பிய இளவரசர் ஒருவர் தேவைப்பட்டார். 1863 அக்டோபரில் அவர்களுடைய குழு மிராமாரேக்கு வந்து கிரீடத்தை நீட்டியது. லொம்பார்டி-வெனிஷியாவின் ஆளுநர் பதவியும் பறிபோய், 31 வயதில் தோட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யூகிப்பது கஷ்டமில்லை. சார்லோட்டுக்கு ஆசை அதைவிட அதிகம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. எல்லாப் பழியும் மனைவிமேல் போவது வழக்கம்தானே.

1864 ஏப்ரல் 9-ஆம் தேதி பிரான்ஸ் ஜோசப் இந்த வீட்டுக்கே வந்தார். ஆஸ்திரிய அரியணையில் தனக்கோ தன் வாரிசுகளுக்கோ எந்த உரிமையும் இல்லை என்று தம்பியிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் மெக்சிகோ கிரீடத்தை ஏற்றுக் கையெழுத்து. ஏற்ற கையோடு உடல்நலம் குலைந்து, பயணம் சில நாள் தள்ளிப்போனது. 14-ஆம் தேதி கிளம்பினார்கள். சேசரே தெல்லாக்வா வரைந்த அந்தக் காட்சி மாளிகையிலேயே தொங்குகிறது: படித்துறையில் கூட்டம், படகில் இளவரசர், அந்தப் பக்கம் நோவாரா. கப்பலில் போகும் வழியில் அவர் செய்த முக்கியமான காரியம், மெக்சிகோ அரசவையில் யார் எங்கே நிற்க வேண்டும், எப்படி வணங்க வேண்டும் என்று ஒரு விதிநூல் எழுதியது. நாட்டையே இன்னும் பார்க்கவில்லை.

தோட்டக்காரர் வில்ஹெல்ம் க்னெக்டெலையும் கூடவே அழைத்துப் போனார். மெக்சிகோவிலும் சாபுல்டெபெக் மாளிகையில் தோட்டம் போட்டார்கள். உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்டில், கஜானா காலியாக இருந்த நேரத்தில்! மூன்றாம் நெப்போலியன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டதும் எல்லாம் சரிந்தது. 1867 ஜூன் 19 அன்று கெரெத்தாரோ நகருக்கு வெளியே, மிராமோன், மெஹியா என்ற இரு தளபதிகளோடு மாக்சிமிலியனையும் நிறுத்திச் சுட்டார்கள். வயது 34. எதுவார் மானே அந்தக் காட்சியைப் பலமுறை வரைந்தார். பெரிய வடிவம் ஜெர்மனியின் மான்ஹெய்மில் இருக்கிறது.

சார்லோட் அதற்கு முந்தைய வருடமே உதவி கேட்டு ஐரோப்பா வந்திருந்தார். பாரீசில் நெப்போலியன் கைவிரித்தார். ரோமில் போப்பிடம் போனபோது மனம் முறிந்துவிட்டது. எல்லாரும் தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்ற பயம். அவரை மிராமாரேக்குக் கொண்டுவந்து, கல்யாணமான புதிதில் குடியிருந்த அதே காஸ்தெல்லெத்தோவில் காவலில் வைத்தார்கள். 1867 கோடையில் பெல்ஜியத்துக்கு அழைத்துப் போகும்வரை அங்கேதான். பிறகு 60 வருடம் உயிரோடு இருந்தார். 1927 ஜனவரியில் இறந்தார். சுற்றுலாக் கதைகளில் இந்த 60 வருடத்துக்கு ஒரு வரிதான் ஒதுக்குகிறார்கள்.

மாளிகைக்கு ஒரு சாபக்கதையும் உண்டு: இங்கே தூங்குகிறவர் அந்நிய மண்ணில் அகால மரணம் அடைவார். 1914 வசந்தத்தில் இங்கே தங்கிய ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் அந்த ஜூனிலேயே சரயேவோவில் சுடப்பட்டார். 1930 முதல் 1937 வரை குடும்பத்தோடு வாழ்ந்த ஆவோஸ்தா கோமகன் அமெதேயோ, எத்தியோப்பியாவின் அம்பா அலாஜியில் பிரிட்டிஷ் தரப்பிடம் 1941-இல் சரணடைந்தார். எதிரே நின்ற படையில் இந்தியப் பிரிவுகளும் இருந்தன. அடுத்த ஆண்டு நைரோபியில் கைதியாகவே இறந்தார். 1945-இல் நியூசிலாந்துப் படையோடு வந்த ஜெனரல் ஃபிரைபெர்க், கதையைக் கேள்விப்பட்டு மாளிகைக்குள் படுக்காமல் பூங்காவில் கூடாரம் போட்டுத் தூங்கினார் என்கிறார்கள். மனிதர் 1963 வரை இருந்தார். சாபத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் படுக்க இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நானும் தோட்டத்தைத்தான் கேட்பேன். பிறகு மாளிகை 1954 வரை அமெரிக்க ராணுவத் தலைமையகம். அவர்கள் போனதும் பழைய மரச்சாமான்களைத் தேடிப் பிடித்து அடுக்கி, 1955-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பூங்காவுக்குக் கட்டணம் இல்லை, மாளிகைக்கு மட்டும் சீட்டு. கூட்டமாக வருகிறவர்கள் நேரே மாளிகைக்குப் போய், படமெடுத்து, திரும்பும் அவசரத்தில் தோட்டத்தை ஓட்டமாகக் கடக்கிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். மேலே ரயில் நிறுத்தம் இருக்கும் பக்கத்திலிருந்து நுழைந்தால் காட்டு வழியாக இறங்கிக்கொண்டே வரலாம். மாளிகை கடைசியில் வரும். முழங்கால் வலி உள்ளவர்கள் கிரினியானோ பக்கம் வருவது நல்லது. மொட்டை மாடியில் வரிசையாக நிற்கும் பீரங்கிகள் மாமனார் லெயோபோல்ட் கொடுத்தவை. குழந்தைகள் அவற்றின்மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளக் காவலர்கள் படும் பாடு தனிக் காட்சி. சின்னப் படகுத்துறையின் நுனியில் எகிப்திலிருந்து கொண்டுவந்த ஸ்பிங்க்ஸ் ஒன்று கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இறங்கிவிடாதீர்கள்: முனையைச் சுற்றியுள்ள 30 ஹெக்டேர் கடல் 1986-லிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதி. மீன் பிடிக்கக் கூடாது, படகு கட்டக் கூடாது. வழிகாட்டியோடு போகிறவர்களுக்கு மட்டும் முக்குளிக்க அனுமதி. சும்மா குளிக்க வேண்டுமானால் பேருந்தேறிப் பார்கோலாவுக்குத் திரும்ப வேண்டியதுதான். துண்டு விரிக்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.